குருத்தோலை ஞாயிறன்று மூடிய வால்வு

வடகோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான இக்கெராசாக்கில் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் ஆண்கள் உடனே கோட்டைக் கழற்ற மாட்டார்கள். நேராகத் தங்கள் மோட்டார் பனிவண்டிப் பக்கம் போய், பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் சூட்டு வால்வை மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். நவம்பரில் கடல் உறையத் தொடங்கும்போது திறப்பது, குருத்தோலை ஞாயிறன்று மூடுவது. இதை யார் தொடங்கி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓசன்னா பாடுவதை எப்படி யாரும் மறப்பதில்லையோ அப்படித்தான் இதையும் மறப்பதில்லை.

வால்வு கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இன்ஜினைச் சுற்றி ஓடும் சூடான கூலண்டில் கொஞ்சத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கார்புரேட்டர் பக்கம் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்தச் சூடு இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் பனி பிடித்து வண்டி மூச்சுத் திணறும். வெயில் வந்தபின்பும் திறந்தே கிடந்தால் இழுவை குறையும். வண்டியோடு வந்த புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் புத்தகத்தில் தேதி எதுவும் போடவில்லை. நான் மூன்று தடவை தேடிப் பார்த்தேன்.

எங்கள் வண்டியில் அந்த வசதியே கிடையாது. அப்பா வாங்கிப் பதினான்கு வருடம் ஆன வண்டி. கரையில் துருப்பிடித்துக் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து கார்புரேட்டர், குழாய், பித்தளை மூட்டு, வால்வு எல்லாவற்றையும் கழற்றி வந்து, போன அக்டோபரில் நானே பொருத்தினேன். மற்றவர்கள் வண்டியில் அது கம்பெனி பொருத்தியது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடங்கியிருக்கும். என்னுடையது பானெட் ஓட்டை வழியாக வெளியே வளைந்து போய் மறுபடி உள்ளே நுழைந்தது. குளிர் தாக்காமல் இருக்கப் பழைய துண்டைச் சுற்றியிருந்தேன். அதை முதலில் பார்த்தவன் குஸ்தாவ். ஊரில் ஒரு கேலி பிறந்தால் அது அவன் வாயிலிருந்துதான் பிறந்திருக்கும். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கார்புரேட்டருக்கு டீ போட்டுக் குடுக்குற வீடு இது ஒண்ணுதாம்பா" என்றான். அன்றிலிருந்து எங்கள் வண்டிக்குக் கெண்டி என்று பெயர். என் அக்கா சிபில்லா வண்டியோடு கடைப்பக்கம் போனால், "தண்ணி கொதிச்சாச்சா?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

அவள் பதில் சொல்லிக்கொள்வாள். எனக்குத்தான் வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் அடைத்தது, மறுநாள் அடைத்தது, ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடப் படியைப் பார்த்தாலே அடைத்தது. பிறகு போகவில்லை. கொட்டகையில் யாரும் என்னை வாசிக்கச் சொல்வதில்லை. கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து மாட்டினால் அது தானாகச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், சரியா தப்பா என்று.

ஈஸ்டர் திங்கட்கிழமைப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விறகுக் குடாவுக்குப் போய், வண்டிக்குப் பின்னால் கட்டும் கொமாட்டிக் என்ற சறுக்குப் பலகையில் இருபத்து நான்கு கட்டைகளை ஏற்றிக் கட்டி இழுத்து வர வேண்டும். வண்டிக்கு இரண்டு பேர், ஒருவர் ஓட்ட, ஒருவர் கொமாட்டிக்கின் மேல். வழியில் ஒரு கட்டை விழுந்தாலும் போய் எடுத்து வர வேண்டும். விறகு முழுவதும் ஊரில் விறகு வெட்ட ஆளில்லாத வீடுகளுக்குப் போகும். முதலில் வருகிறவருக்குக் கோப்பையெல்லாம் கிடையாது. அடுத்த டிசம்பரில் புது உறைபனி மேல் முதலில் போய், ஸ்ப்ரூஸ் மரக்கன்றுகளை வெட்டி வந்து நட்டு, ஊரின் பாதையைக் குறிக்கும் உரிமை அவருக்கு. அந்தக் குளிர்காலம் முழுவதும் எல்லாரும் அந்தக் கன்றுகளைப் பார்த்துத்தான் போவார்கள், மீன் பிடிக்கப் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட.

ஐந்து வருடமாகப் பாதையைக் குறித்தவர் போவாஸ் மாமா, எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அவர் பாதை இரைச்சலை ஒட்டிப் போகும். தீவுக்கும் கரைக்கும் நடுவே கடல் நீர் வேகமாக ஓடுவதால் ஜனவரியில்கூட உறையாத இடம் அது. சத்தம் ஊர்வரை கேட்கும். அதை ஒட்டிப் போனால் நான்கு கிலோமீட்டர் மிச்சம். பந்தயத்துக்கு முந்தைய டிசம்பரில் அந்த நான்கு கிலோமீட்டர் மிச்சத்தில்தான் சிபில்லா இடுப்புவரை தண்ணீருக்குள் போனாள். வண்டியின் பின்பக்கம் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதைப் பிடித்து ஏறி, உறைந்து கட்டையான கால்சட்டையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தாள். கால்சட்டையை அப்பா கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்; வண்டியைப் பிறகு கயிறு கட்டி இழுத்து மீட்டார்கள்.

மறுநாளே அவள் போவாஸ் மாமாவிடம் போய், பாதையைக் கரையோர மேட்டுக்குப் பின்னால் சுற்றி விடச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, "ஜெயிச்சுட்டு வாம்மா, உன் கன்னுங்களை உனக்குப் பிடிச்ச இடத்துல நட்டுக்க" என்றாராம். அதுவரை எந்தப் பெண்ணும் ஜெயித்ததில்லை. அவர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. எனக்கும்தான். அந்தக் கால்சட்டை ஒரு வாரம் கொட்டகையில் கிடந்தது.

குருத்தோலை ஞாயிறன்று நானும்தான் வால்வை மூடினேன். யோசிக்கவே இல்லை. எல்லாரும் மூடினார்கள், மூடினேன்.

புதன்கிழமை சிபில்லா வண்டியைச் சோதித்துப் பார்க்க இரைச்சல் பக்கம் ஓட்டிப் போனாள். கொமாட்டிக்கில் நான். கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் இருமியது, பிறகு சக்தியே இல்லாமல் ஊர்ந்து நின்றது. பெட்ரோலில் தண்ணீர் என்றாள் அவள். எங்கள் ஊரில் வண்டி எதற்கு நின்றாலும் பெட்ரோலில் தண்ணீர்தான். நான் பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டர் வெளிப்புறமெல்லாம் வெள்ளையாக, சர்க்கரை தூவிய ரொட்டி மாதிரி பனி பூத்திருந்தது. பத்து நிமிடம் காத்திருந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது.

அன்று அத்தனை குளிர் இல்லை. மைனஸ் நான்குதான். கடற்காற்றில் இரைச்சலின் நீராவி புகைபோல எங்கள் மேல் வந்து படிந்துகொண்டிருந்தது. என் புருவம் நனைந்திருந்தது.

கொட்டகைக் கதவின் உட்புறம் நான் சாக்பீசால் குறித்து வைப்பதுண்டு, எந்த நாள் யார் வண்டி நின்றது, அன்று எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம் என்று. பழுது பார்க்க வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக் குறித்தவை. அன்று திரும்பி வந்து கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மைனஸ் முப்பத்தைந்தில் ஒரு வண்டிகூட, வால்வே இல்லாத காலத்து எங்கள் வண்டிகூட, மூச்சுத் திணறி நின்றிருக்கவில்லை. அந்தக் குளிரில் காற்று எலும்புபோல் காய்ந்திருக்கும், அதில் பனியாக மாற ஈரமே கிடையாது. நின்ற வண்டிகள் எல்லாம் மைனஸ் இரண்டுக்கும் மைனஸ் ஒன்பதுக்கும் நடுவில், கடற்காற்று நாட்களில், இரைச்சல் பக்கத்தில். அதிலும் முக்கால்வாசி நவம்பர் தொடக்கத்தில், வால்வு திறக்கும் முன்னால், அல்லது ஏப்ரலில், மூடிய பின்னால். ஊர் மொத்தமும் வால்வை எந்த நாட்களில் திறந்து வைக்க வேண்டுமோ அந்த நாட்களில் மூடி வைத்திருந்தது.

சிபில்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளிடம் மட்டும் எனக்குத் தொண்டை அடைக்காது. அவள் கதவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"திறந்து வெச்சா இழுவை போயிடும்ல?"

"கொஞ்சம் போகும்."

"கொஞ்சம்னா? போவாஸ் மாமா வண்டி வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. நம்மது கெழவி. அந்தக் கொஞ்சத்தையும் குடுத்துட்டு நான் எதை வெச்சுடி ஜெயிக்கிறது?"

அவள் சொன்னதும் தப்பில்லை. திங்கட்கிழமை காற்று நிலத்திலிருந்து வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நிலக்காற்று காய்ந்த காற்று. அப்படியானால் மூடிய வால்வுதான் நல்லது. மூடியே இருக்கட்டும் என்று முடிவானது. நான் வால்வின் தண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலாலேயே திருப்ப முடிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை படகுத்துறைக்குக் கீழே ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. மைனஸ் பதினான்கு, ரேடியோ சொன்னபடியே நிலக்காற்று. போவாஸ் மாமா வழக்கம்போல இரண்டு பெரிய தெர்மாஸை இருக்கைக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவர் மைத்துனன் குஸ்தாவ் பக்கத்து வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சிபில்லா, கெண்டியில இன்னிக்கு என்ன, டீயா காப்பியா?"

"உனக்கு வெந்நீர். வந்து சேந்தப்புறம் காலுக்கு ஒத்தடம் குடுத்துக்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. குஸ்தாவும் சிரித்தான். தேவாலய மணி அடித்ததும் கிளம்பினோம்.

போகும்போது ஐந்தாவதாகப் போனோம். திறந்த சமதளத்தில் எங்கள் கெழவியால் அவ்வளவுதான் முடியும். ஆனால் விறகுக் குடாவில் கட்டை ஏற்றுவது வேகத்தின் வேலை இல்லை. தடிமனான கட்டைகள் கீழே, மெலிந்தவை மேலே, கயிறு குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று. சிபில்லா தூக்கிப் போடப் போட நான் கட்டினேன். முன்னால் வந்த இரண்டு பேர் அவசரத்தில் கட்டிய கட்டு அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் குடாவை விட்டுக் கிளம்பிவிட்டோம். இப்போது எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள், போவாஸ் மாமாவும் குஸ்தாவும்.

பாதி வழியில் என் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. பிறகு வலது கன்னத்தில் மெதுவாக, ஈரமாக வந்தது. கடற்காற்று. நான் கட்டைகளின் மேல் குப்புறப் படுத்திருந்தேன். கயிற்றில் படிந்திருந்த பனித்தூள் கையுறையில் ஒட்ட ஆரம்பித்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சிபில்லாவுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் கத்திப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

இரைச்சல் தெரிவதற்கு முன்னால் அதன் புகை தெரிந்தது. போவாஸ் மாமாவின் பாதை முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது. அதற்குள் நுழைந்து ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், புதன்கிழமை கேட்ட அதே இருமல். சிபில்லா கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி இளைத்துக்கொண்டே போய் நின்றது.

புகைக்குள் இருபது முப்பது அடி தள்ளி இன்னும் இரண்டு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. குஸ்தாவ் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். போவாஸ் மாமா தெர்மாஸைத் திறந்து, சூடான தேநீரைக் கார்புரேட்டர் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவி குப்பென்று எழுந்தது. கடைக்காரன் பெட்ரோலில் தண்ணீர் கலந்து விற்கிறான் என்று அவர் திட்டுவது கேட்டது.

நான் கொமாட்டிக்கிலிருந்து இறங்கி அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லிக் காட்டாதே. திற."

பானெட்டைத் தூக்கி, கையுறையைக் கழற்றி, விரலால் வால்வைத் திருப்பினேன். எண்ணெய் விட்டிருந்ததால் வழுக்கிக்கொண்டு போனது. வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து, நிற்கும் இடத்திலேயே சும்மா ஓடவிட்டோம். கூலண்ட் சுற்றினால்தான் சூடு வரும். இன்ஜின் நொண்டிக்கொண்டு ஓடியது. நான் உள்ளங்கையைக் கார்புரேட்டரின் மேல் வைத்தேன். ஒட்டிக்கொள்ளும் குளிர்.

அதற்குள் போவாஸ் மாமாவின் வண்டி உயிர் பெற்றுவிட்டது. தேநீர் வேலை செய்திருந்தது. நான் அவரிடம் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை, கால் போய்விட்டது. இரைச்சலின் ஓசையில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மாமா. சூட்டு வால்வைத் திறந்து விடுங்க. இல்லன்னா மறுபடி நின்னுடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது, நான் பேசிவிட்டேன் என்று. பிறகு சிரித்தார்.

"ஏப்ரல் மாசத்துலயாம்மா? வெயில் அடிக்குது, பாரு மேலே."

மேலே உண்மையிலேயே வெயில் அடித்தது. புகைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. அவர் கிளம்பிப் போய்விட்டார். குஸ்தாவுக்கும் அவரே கொஞ்சம் தேநீர் ஊற்றிவிட்டிருந்தார். அவனும் கையசைத்துக்கொண்டே போனான். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு வண்டிகளும் திணறித் திணறி எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் ஐந்தாவது இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தோம்.

"போலாமாடி?"

"இல்ல."

"தபேயா, எல்லாரும் போயிட்டாங்க."

"இன்னும் சூடாகல. இப்பப் போனா நாமளும் அவங்க மாதிரி நிப்போம்."

அக்கா பிடியை இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஐந்து வருடப் பாதை, வெட்டி எடுத்த கால்சட்டை, எல்லாம் அந்த முழங்காலில் தெரிந்தது. நான் உள்ளங்கையை எடுக்கவில்லை. முதலில் குளிர் குறைந்தது. பிறகு வெறும் உலோகமாக இருந்தது. பூத்திருந்த பனி ஓரத்தில் கண்ணாடியாக மாறி, ஒரு சொட்டு நீர் என் மணிக்கட்டில் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ குடித்துவிட்டு வைத்த கோப்பையைத் தொடுவதுபோல் இருந்தது. துண்டு சுற்றிய குழாயைத் தொட்டேன். அது நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

பானெட்டை மூடி அக்காவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் கட்டைவிரலை அழுத்தினாள். இருமலே இல்லை. கெழவி பெருமூச்சு விட்டு ஒரே இழுப்பாக இழுத்தது. நான் ஓடிப்போய்க் கட்டைகளின் மேல் தாவிப் படுத்தேன்.

கடைசியாக எங்களைத் தாண்டிப் போன இரண்டு வண்டிகளும் அரை கிலோமீட்டரில் நின்றுகொண்டிருந்தன. ஒருவர் பிளக்கைக் கழற்றி வெறும் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனோம். அடுத்து குஸ்தாவ், பாதையின் ஓரத்தில், கொமாட்டிக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்துக் கத்தினான்.

"ஏய் சிபில்லா, உங்க கெண்டியில மிச்சம் இருக்கா?"

அவள் நிறுத்தவில்லை. கையை மட்டும் உயர்த்தி, வால்வைத் திருப்புவதுபோல் விரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

போவாஸ் மாமாவை இரைச்சலின் முனையில் பிடித்தோம். இரண்டாவது தெர்மாஸைக் கவிழ்த்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டுகள் விழுந்தன. பாதையின் ஓரத்துப் பனி மேல் தேநீர் ஊற்றிய இடங்கள் பழுப்பாக வரிசையாகத் தெரிந்தன, நான்கு இடம் எண்ணினேன். அவ்வளவு தடவை அவர் நின்றிருக்கிறார். எங்கள் வண்டி அவரை நெருங்கும்போது அவர் நிமிர்ந்து, துண்டு சுற்றிய அந்தக் குழாயைப் பார்த்தார். நாங்கள் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலையைத் திருப்பிப் பார்த்தபோது அவர் இடுக்கியைத் தேடிக் குனிந்திருந்தார்.

புகையிலிருந்து வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. நான்கு கிலோமீட்டர் தட்டையான வெள்ளை, அதன் முடிவில் ஊர், தேவாலயக் கோபுரம், படகுத்துறையில் கருப்புக் கருப்பாக மனிதர்கள். வால்வு திறந்திருந்ததால் இழுவை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அது யாருக்கு வேண்டும்? சிபில்லா பாட ஆரம்பித்தாள். குருத்தோலை ஞாயிறன்று பாடின அதே ஓசன்னா. இன்ஜின் சத்தத்தில் சுருதி எங்கேயோ போனது. நான் கட்டைகளின் மேல் படுத்தபடி இரண்டாம் குரல் பாடினேன். ஒருவருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே பாடினேன்.

படகுத்துறையில் இருந்தவர்கள் முதலில் போவாஸ் மாமா என்று நினைத்துக் கையசைத்திருக்கிறார்கள். கிட்டே வந்ததும் கை எல்லாம் பாதியில் நின்றது. பிறகுதான் சத்தம் கிளம்பியது. அப்பாவுக்குக் காது கேட்காது, நாற்பது வருட இன்ஜின் சத்தம். அவர் மட்டும் மற்றவர்களுக்கு முன்னாலேயே எங்களைக் கண்டுகொண்டு, பனியில் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். தேவாலய மூப்பர் கட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்து நான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினார். இருபத்து நான்கு.

சிபில்லா வண்டியிலிருந்து இறங்கி, என்னைக் கொமாட்டிக்கிலிருந்து கோணிமூட்டைபோலத் தூக்கி நிற்க வைத்தாள். அழவெல்லாம் இல்லை. என் குல்லாவைச் சரிசெய்து, "உள்ளங்கையைக் காட்டு" என்றாள். சிவந்து, தோல் லேசாக உரிந்திருந்தது. அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டே எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போவாஸ் மாமா இருபத்தைந்து நிமிடம் கழித்து இரண்டாவதாக வந்தார். கடைசியில் இடுக்கியால் வால்வைத் திறந்திருக்கிறார். குஸ்தாவ் நான்காவது. அவன் விரல் சுற்றியதைப் புரிந்துகொள்ள நேரமாகியதாம். சிபில்லா தனக்கு டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்தானாம்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பொதுக்கூடத்தில் விருந்து. மீன் சூப், ரொட்டி, சிவப்புப் பழ ஜாம். எழுபது பேராவது இருப்பார்கள். நான் வழக்கம்போலக் கதவோரம், கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போவாஸ் மாமா தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கூடம் அவரைப் பார்த்தது, ஆகவே என்னையும் பார்த்தது. அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தபேயா, இனிமே என்னிக்கு மூடணும்? குருத்தோலை ஞாயிறு வேணாம்னா, எந்த நாளுன்னு சொல்லிடு. ஊருக்கே சொல்லிடறேன்."

தொண்டை அடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அடைத்த அதே இடத்தில்தான். தூரத்தில் சிபில்லா எழுந்தாள், எனக்காகப் பதில் சொல்ல. பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள்.

நான் சூப்பில் ஒரு மடக்குக் குடித்தேன். அது சூடாக இறங்கியது.

"நாள் பார்த்து இல்ல மாமா" என்றேன். "காத்தைப் பார்த்து. இரைச்சல் மேல புகை நின்னா திறந்து வைங்க, ஜூன் மாசமா இருந்தாலும். புகை இல்லாம காஞ்ச குளிரா இருந்தா மூடிக்கலாம், ஜனவரியா இருந்தாலும்."

கடைசி மேசைவரை கேட்டிருக்கிறது. ஏனென்றால் அங்கேயிருந்து யாரோ, ஜனவரியில்கூடவா என்று கேட்டார்கள். நான் அதற்கும் பதில் சொன்னேன். அப்புறம் இன்னொருவர் கேட்டார். கதவில் குறித்ததையெல்லாம் சொன்னேன், எந்த நாள், எத்தனை டிகிரி, யார் வண்டி. தன் வண்டி ஆறு தடவை நின்றதை நான் குறித்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் குஸ்தாவ் முகத்தை ரொட்டியால் மறைத்துக்கொண்டான். மறுநாள் கதவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கொட்டகைக் கதவுக்கு அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் எட்டாம் தேதி சிபில்லா பாதை குறிக்கக் கிளம்பினாள். கொமாட்டிக்கில் ஸ்ப்ரூஸ் கன்றுகள், அவற்றின் நடுவே நான். புது உறைபனியைக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து முன்னேறினோம். இரைச்சலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே அவள் இடது பக்கம் திரும்பி, மேட்டுக்குப் பின்னால் ஏறினாள். கடற்காற்று அடித்தது. தூரத்தில் புகை வெள்ளையாக நின்றது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.

மேட்டின் உச்சியில் கன்றை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஊரின் வண்டிகள் ஒவ்வொன்றாக எங்கள் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தன. முதல் வண்டியில் போவாஸ் மாமா. கிட்டே வந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து, வால்வை விரலால் தொட்டுக் காட்டினார். திறந்திருந்தது. பிறகு தெர்மாஸை எடுத்தார். மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றி, முதல் கோப்பையை சிபில்லாவிடம் நீட்டினார்.

"பாதை குறிக்கிற முன்வண்டிக்கு" என்றார்.

இரண்டாவது எனக்கு. மூன்றாவதை அவரே குடித்தார். கார்புரேட்டருக்கு ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

சிபில்லா குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து உதறிவிட்டு, எனக்குக் கையை நீட்டினாள். அடுத்த கன்றை எடுத்துக் கொடுத்தேன்.